முதுகு காட்டித் தின்ற கறி

இரும்பு 'வடச்சட்டி'யில் பன்றிக் கொழுப்பு உருகும்போது முதலில் சத்தம் வரும், பிறகுதான் மணம் வரும். தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரிச் சத்தம். மணத்தை எதனோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமல், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் அந்தக் கொழுப்பிலேயே வதங்கி, மூடி போட்டு இரண்டு மணி நேரம் சிறுதீயில் வெந்த தோல்கறியின் மணம், அவ்வளவுதான்.

சிங்காநல்லூர் ஏரிக்குப் பக்கத்தில், என் பெரியப்பாவின் லேத் பட்டறைச் சுவரை ஒட்டி, மாரக்கா ஒரு தள்ளுவண்டியும் இரண்டு பெஞ்சும் போட்டு நடத்திய கடை அது. ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவோடு அங்கே தின்றிருக்கிறேன். கறிக்கு அடியில் சந்தகை வைப்பார். எங்கள் ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிற பண்டம்தான். அரிசி மாவை வேகவைத்து அச்சில் போட்டு நூல் நூலாகப் பிழிவது. ஆனால் மாரக்காவின் அச்சு பழையது. துளைகள் தேய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டதால் நூல் விழாது, தட்டையாக நாடா மாதிரி விழும். புது அச்சு வாங்கும்படி யாரும் சொன்னதில்லை. நூலில் நிற்காத கறிச்சாறு நாடாவில் நிற்கும்.

பெஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஏரியைப் பார்த்துத்தான் கிடக்கும். ஏரியின் அழகைப் பார்க்க இல்லை. சூலூர்ப் பக்கம் போகிற பேருந்துகளில் சொந்தக்காரர்கள் போவார்கள், அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. எங்கள் வீடுகளில் ஆடு தின்னலாம், கோழி தின்னலாம், பன்றி என்ற சொல்லையே சோற்றுக்கு முன்னால் சொல்லக் கூடாது. அதனால் தோட்டமும் பட்டறையும் வைத்திருந்த பெரிய மனிதர்கள் வரிசையாகச் சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் முகத்தையும் பார்க்காமல், ஏரியையே முறைத்துக்கொண்டு தின்பார்கள். மீறி யாராவது பார்த்துவிட்டால் சொல்ல ஒரு பதில் எல்லோரிடமும் தயாராக இருந்தது. "மூலத்துக்குங்க. வைத்தியர் சொன்னாரு." அந்தக் கடையில் கறி தின்ற அத்தனை பேருக்கும் மூலம். மாரக்காவும் விடமாட்டார். "ஏனுங்க, இன்னைக்கு மருந்து ரெண்டு தட்டுங்களா, மூணுங்களா?" என்று பெஞ்சுக்குப் பின்னால் நின்று கேட்பார். யாரும் திரும்பாமல் விரலை மட்டும் காட்டுவார்கள்.

பெரியப்பா பெஞ்சுக்குக்கூட வரமாட்டார். பட்டறை ஆள் தட்டை மூடி எடுத்துப் போய் உள்ளே கொடுப்பார். 'தோலோட இருக்கோணும்' என்று சொல்லி அனுப்புவார்.

தின்று முடித்ததும் அப்பா பட்டறைக் குழாயில், எண்ணெய்க் கறை போக்க வைத்திருந்த பார் சோப்பால் என் கையையும் வாயையும் கழுவிவிட்டு, "ஊட்டுல கேட்டா என்ன சொல்லோணும்?" என்பார். "பூரி தின்னோம்" என்பேன். நான்கு வருடம், வாரம் தவறாமல் பயிற்சி. பள்ளியில் வாய்ப்பாடுகூட எனக்கு அவ்வளவு சரளமாக வந்ததில்லை.

எனக்குப் பத்து வயதானபோது பெரியப்பா மகளுக்கு அன்னூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பட்டறையையும் வந்து பார்ப்பார்கள் என்றதும் சுவரோரத்துக் கடை பெரியப்பாவை உறுத்த ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கடை அங்கே இருக்கக் கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார். மாரக்காவுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண்கள். அந்தத் தள்ளுவண்டியை விட்டால் வேறு பிழைப்பும் இல்லை.

வியாழக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூட்டுக் குடும்பம் எங்களுடையது. வாசலில் பெரியப்பா, அப்பா, நான். முறுக்கு சுட மாவு பிசைந்த கையோடு பெரியம்மா. மாரக்கா ஒரு தூக்குப்போசியைத் தரையில் வைத்தார். இத்தனை வருடம் தன் கறியைத் தின்ற பெரியப்பா, நேரில் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார் என்று நம்பிவிட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"அண்ணா, பட்டறை ஆளு என்னமோ சொல்றாருங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னாப் போதுமுங்க. இந்தாங்க, தோலோட எடுத்தாந்திருக்கறன், உங்களுக்குப் புடிக்கறாப்பல."

"போசில என்ன?" என்றார் பெரியம்மா.

"வெண்பன்னிக் கறிங்க அம்மணி."

பெரியம்மா மாவுக் கையோடு எழுந்துவிட்டார். "ஏனுங்க, ஆருங்க இவ? ஊட்டு வாசல்ல கொண்டாந்து இதைய வெக்கறா?"

"எனக்கென்ன தெரியும்? ஆரோ என்னமோ. ஏன்டா தம்பி, நீ பாத்திருக்கறயா?" என்று பெரியப்பா அப்பாவைக் கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார். "இல்லீங்ணா."

மாரக்கா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீயாச்சும் சொல்லு. சதை வேண்டாம், தோலு மட்டும் போடுன்னு கேப்பியல்லோ?"

"எனக்குத் தெரியாது. நாங்க பூரிதான் தின்போம்" என்றேன்.

நாங்கள் என்ன தின்போம் என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியப்பா திரும்பி வீட்டுக்குள் நடந்தார். இரண்டு முதுகுகள். மாரக்காவுக்குப் பழக்கமான காட்சிதான்.

அவர் அழவில்லை. போசியை எடுத்துக்கொண்டார். "செரிங்க. எல்லாருக்கும் மூலம் நல்லாயிருச்சாட்ட இருக்குது. சந்தோசமுங்க."

மறுநாள் கடை இல்லை. சுவரில் அடுப்புப் புகைக் கறை மட்டும் இருந்தது. அதற்கு மேல் வெள்ளையடித்தார்கள்.

கல்யாணம் நடந்தது. முதல் விருந்துக்கு வந்த அன்னூர் மாப்பிள்ளை, கை கழுவப் போன இடத்தில் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "மாமா, நம்ம பட்டறைச் செவுத்தோரமா ஒரு கறிக்கடை இருந்துச்சே, எங்கீங்க காணம்? சிங்காநல்லூர் வந்தா நான் அங்கதானுங்க." பக்கத்தில் சொம்போடு நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள். எல்லோரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாருக்குப் பயந்து கடையை எடுத்தார்களோ அவரே அந்தக் கடையின் ஆள்.

மாரக்கா எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. பிறகு தேடினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் தேடவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று எனக்கு ஆறுதல் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இப்போது பட்டறை இல்லை. அந்த இடத்தில் பெரியப்பாவின் மகன் ஏசி உணவகம் கட்டியிருக்கிறான். வெளியே பன்றிப் படம் போட்ட பலகை. அதில் 'பரம்பரைக் கைமணம்' என்று எழுதியிருக்கிறது. சாலையைப் பார்த்து முழுக்கக் கண்ணாடி. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, தட்டைப் படம் எடுத்துவிட்டுத் தின்கிறார்கள். இன்றைக்கு யாருக்கும் மூலம் இல்லை. கல்லாவுக்கு மேலே மாலை போட்ட பெரியப்பா படம் சாலையைப் பார்த்து மாட்டியிருக்கிறது.

போன மாதம் அப்பாவைக் கூட்டிப் போனேன். வயது எண்பதாகிவிட்டது. கண்ணாடி ஓரம் இடம் கொடுத்தார்கள். அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சாலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எதிரே வெறும் சுவர். கறி வந்தது. சந்தகை மெல்லிய நூலாக, ஒன்றுகூட ஒட்டாமல் இருந்தது. சாறு அதில் நிற்காமல் தட்டில் ஓடியது.

"எப்படி இருக்குதுங்கய்யா?" என்றான் பரிமாறிய பையன்.

"மாரக்கா செய்யறாப்பல இல்ல" என்றார் அப்பா. அத்தனை வருடத்தில் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து அன்றுதான் வந்தது.

"ஆருங்க அது?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"இந்த எடத்துல கறிக்கடை வெச்சிருந்தவங்க. எங்களுக்கு நல்லாத் தெரியும்" என்றேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

"அப்படிங்களா" என்றான் பையன். "இன்னொரு சந்தகை வெக்கட்டுங்களாக்கா?"

வேண்டாம் என்றேன்.