சுழற்கோப்பையைத் திருப்பிக் கேட்கக் கொல்லிமலை ஏறினேன்

கொல்லிமலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள், படகு விடப் போவார்கள், மிளகு வாங்கப் போவார்கள். நான் பயந்துகொண்டு போனேன். போன தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் ஒரு கோப்பையோடு நாமக்கல்லுக்குத் திரும்பாவிட்டால் என் பன்னிரண்டு பையன்களும் மறுநாள் மைதானத்தில் கால் வைக்க முடியாது.

நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். உயரம் ஆறடி இரண்டங்குலம். ஆனால் பல்பு மாற்ற மனைவியை ஸ்டூலில் ஏற்றிவிட்டுக் கீழே நின்று பிடித்துக்கொள்கிற ஆள். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள மலையை, பதினோரு வருடமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தவிர்த்து வந்தேன்.

முந்தைய வருடம் பல்கலைக்கழக மண்டல ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில் முதல் தடவையாக ஜெயித்தோம். சுழற்கோப்பை இரண்டரை அடி உயரம். வெள்ளி முலாம், அடியில் மரப்பீடம், அதைச் சுற்றி ஜெயித்த கல்லூரிகளின் பெயர்த் தகடுகள். அதை ஒரு வருடம் வைத்திருந்து, அடுத்த போட்டிக்கு முந்தின நாள் மேலாளர்கள் கூட்டத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காத அணி ஆடக்கூடாது என்பது விதி.

எங்கள் கேப்டன் தினேஷுக்குக் கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு வாரம் ஊரில் காட்டிவிட்டுக் கொண்டு வருவதாகக் கேட்டான். கொடுத்துவிட்டு, பதிவேட்டில் 'கண்ணாடி அலமாரியில் உள்ளது' என்று கையெழுத்தும் போட்டேன். அதன் பிறகு எப்போது கேட்டாலும் "அடுத்த வாரங்க சார்" என்பான். அதிகம் நெருக்கினால் 'நீங்களே வாங்க' என்று சொல்லிவிடுவானோ என்று நானும் விட்டுவிட்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்புதான் விஷயத்தைச் சொன்னான். அவன் அப்பா வெள்ளையன் ஊர்ப் பெரியசாமி கோயில் பூசாரி. கோப்பையைச் சாமி காலடியில் வைத்துவிட்டார். அங்கே வைத்ததைச் சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுத்தான் எடுக்க முடியும். அதுவும் அந்தப் பொருளை முதலில் கையால் கொடுத்தவரே வந்து கேட்க வேண்டும். முதலில் கொடுத்தவன் நான்.

காலை 6.30க்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பத்தெட்டு ரூபாய். சேந்தமங்கலத்தில் கூட்டம் ஏறியது. அங்கேயே டீ குடித்துவிடுங்கள், ஆனால் வேறெதுவும் சாப்பிடாதீர்கள். காரவல்லி அடிவாரத்தில் 1/70 என்ற பலகையைப் பார்த்ததும் முன் கம்பியைப் பிடித்தேன், கண்ணை மூடினேன். பக்கத்தில் இருந்த மலைக்கார அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, "கண்ணத் தொறந்து ரோட்டப் பாரு சாமி, மூடுனாத்தான் கொமட்டும்" என்றார். திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரோடு இல்லை, வானம்தான் இருந்தது. மறுபடி மூடிக்கொண்டேன்.

செம்மேட்டில் இறங்கும்போது 9.15. ஆட்டோவுக்கு 250 ரூபாய், பிறகு மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடை. ஊரை அடைந்தபோது 10.45. வெள்ளையன் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துப் பதறவில்லை. குளிக்க வேண்டும், பூப்பறிக்க வேண்டும் என்றார். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம் 1.30 பஸ்ஸை விட்டால் கதை முடிந்தது.

கோயில் ஓட்டுக்கூரை போட்ட சின்னக் கட்டடம். உள்ளே கோப்பையைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கைப்பிடி இரண்டிலும் மாலை, வயிற்றில் குங்குமம். கோப்பைக்குள் முதல் அறுப்புச் சாமைத் தானியம் இரண்டு பிடி. அரளிப்பூவில் வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்துத் தனித்தனி இலையில் மடித்துப் பொட்டலமாக்கிச் சாமி முன் போட்டார் வெள்ளையன். வெள்ளை வந்தால் எடுக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. நான்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். ஜெபம் பண்ணத் தெரியும், பூக் கேட்கத் தெரியாது. கோப்பையைக் கொண்டுபோகலாமா என்று மனசுக்குள் கேட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

சிவப்பு.

மணி ஒன்று. கல்லூரி முதல்வரின் முகம், பதிவேட்டில் என் கையெழுத்து, உடுப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் பையன்கள் எல்லாம் வரிசையாக வந்து போயின. யாரும் பார்க்காவிட்டால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், சத்தியமாக. வெள்ளையன் மெதுவாகச் சொன்னார்:

"எடுக்கறேன்னு கேட்டா எப்படிங்க குடுக்கும்? திருப்பிக் கொண்டாரேன்னு சொல்லிக் கேளுங்க. வாய் விட்டுச் சொல்லோணும்."

திருப்பிக் கொண்டுவர வேண்டுமென்றால் நாங்கள் மறுபடி ஜெயிக்க வேண்டும். எந்தக் கோச்சும் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டான். நான் கொடுத்தேன். "போட்டி முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருகிறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். இரண்டாவது முறை வெள்ளை வந்தது. நிம்மதி வரவில்லை, பயம்தான் இடம் மாறியது.

பஸ் போய்விட்டது. 2.20க்கு மரவள்ளி மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்றில் முன்சீட்டு கிடைத்தது. கோப்பை என் மடியில், துண்டு சுற்றி. இறங்கும்போது பனி மூடி, பலகைகள்கூடத் தெரியவில்லை. டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுப் பதிலுக்குக் காது கொடுத்தார். முப்பத்தெட்டாவது வளைவு என்று டிரைவர் சொன்ன இடத்தில் பிரேக் கருகிய வாடை வந்தது. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிடம் ஆறவிட்டார். பள்ளம் என் காலுக்கு இரண்டடி தள்ளி. பனிக்குள் அது எவ்வளவு ஆழம் என்று தெரியாததுதான் கொடுமை. வண்டி உருண்டால் கோப்பையைப் பிடிப்பதா கதவைப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மடியில் என்ன என்று கேட்டார் டிரைவர். பெரியசாமி காலடியில் இருந்த கோப்பை என்றேன். "அப்ப வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுங்க" என்றார் நிதானமாக. அவருக்கு இருந்த தைரியம் எனக்கு வரவில்லை.

4.50க்கு நாமக்கல். மேலாளர்கள் கூட்டம் நடந்த அறை வாசலிலேயே குங்குமத்தைத் துடைத்தேன். சாமையைக் கொட்ட மட்டும் பயமாக இருந்தது. விட்டுவிட்டேன். அப்படியே ஒப்படைத்தேன்.

இறுதிப் போட்டியில் தோற்றோம். 61–64. கடைசி நொடியில் தினேஷ் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே வந்தது. ஜெயித்த கேப்டன் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்க்க, சாமை அவன் தலையிலும் மைதானத்திலும் சிதறியது. எல்லோரும் சிரித்தார்கள். தினேஷும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நான் வர வேண்டியதில்லை, அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகத் தினேஷ் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. மலையைக் கண்டு பயந்தது போய், மலை மேல் இருப்பவரைக் கண்டு பயம். சாமியைச் சொல்கிறேனா வெள்ளையனைச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அதே 6.30 பஸ்ஸில் ஏறினேன்.

போகிறவர்களுக்கு: வாசலூர்பட்டி படகு இல்லம் பார்க்க வருகிறவர்கள் பனிக்காலத்தில் மூன்று மணிக்கு முன்பே இறங்கிவிடுங்கள். சொந்த வண்டியில் இறங்கினால் இரண்டாவது கியரை விட்டு மாறாதீர்கள். எலுமிச்சம்பழம் கட்டாயம். பஸ்ஸில் கண்ணைத் திறந்து வையுங்கள். இரண்டாம் முறை நான் எழுபது பலகையையும் எண்ணிக்கொண்டே போனேன், பயம் குறையவில்லை, குமட்டல் இல்லை.

வெள்ளையன் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு நின்றேன். தோற்றுவிட்டோம், சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தோத்தது தெரியுமுங்க, தினேசு சொல்லிட்டான். நீங்க வருவீங்களான்னுதான் போன வாரம் பூப்போட்டுப் பாத்தனுங்க. செவப்புத்தான் வந்துச்சு" என்றார். குனிந்து மிளகை ஒரு தடவை கிளறிவிட்டார். பிறகு, "சாமி சொன்னது பொய்யாப் போனது இதான் மொதத் தடவைங்க. உள்ள வாங்க, சோறு ஆவுது" என்றார்.