பாக்கியராஜின் இடது தோள்

பாக்கியராஜுக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்து டயர் கடை ஒன்றில். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து போய், பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மாலையில் பஸ்ஸில் உட்கார்ந்து திரும்புகிறவருக்குத் தொப்பை விழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. போன வருடத் திருவிழா வரைக்கும் அவர் அதைச் சட்டை செய்ததும் இல்லை.

கிளியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய ஊரில் மாதா சப்பரத்தை இன்னும் தோளில்தான் தூக்குகிறார்கள். இடப்பக்கத் தண்டின் முன்முனை அவருடையது. வலது தோளில் தாங்க வேண்டும். அப்பாவுக்குப் பிறகு வந்த இடம் அது. போன வருடம் தெரு முனையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தண்டு சரிந்து, மாதா சாய்ந்து, கூட்டமே பதறிப்போனது. யாரோ ஓடி வந்து தோள் கொடுத்தார்கள். வலப்பக்கத் தண்டின் முன்முனையை இடது தோளில் தூக்கும் சித்தப்பா மகன் அலெக்ஸ், "அடுத்த வருஷமும் முடியலன்னா வேற ஆளப் போட்டுக்கலாம்ணே" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். ஆனால் பாக்கியராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தவக்காலம் முடிந்ததும் விழுப்புரத்தில் உடற்பயிற்சிக்கான பதினாறு கிலோ இரும்புக் குண்டு, கெட்டில்பெல் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். "இன்னா சார், எந்தக் கோயில் பூட்டு இது?" என்றார் கண்டக்டர். பெரிய கைப்பிடியோடு அது பூட்டு மாதிரிதான் இருந்தது.

ஆசை மிஞ்சினால் அறிவு வேலை செய்வதில்லை. சப்பரம் வருவது வலது தோளில்தானே என்று மனிதர் வலது கையாலேயே தூக்கினார். ஒரே வாரத்தில் இடுப்பு மறுபடி பிடித்துக்கொண்டது. கட்டிலில் படுத்தபடி, இடம் போய்விட்டது என்றே முடிவு கட்டினார்.

தையல் வேலை செய்யும் அவர் மனைவி லூர்துசெல்வி, கட்டிலை விட்டு எழுந்தவருக்குத் திருவிழாச் சட்டைக்கு முன்கூட்டியே அளவெடுக்கும்போது டேப்பை நிறுத்தினாள்.

"இன்னாங்க, ஒரு தோள் எறங்கிக் கெடக்குது. ஒரே கையால தூக்கிக்கினு இருந்தா கோணலாத்தான் போவீங்க."

"சப்பரம் வலது தோள்லதானம்மா வருது?"

"இடுப்பு ஒண்ணுதான இருக்குது. ரெண்டு பக்கமும் தூக்குங்க. அந்தக் குண்டையும் மாத்திக்கினு வாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய் எட்டு கிலோவுக்கு மாற்றி வந்தார். வலது கை எத்தனை முறை தூக்கியதோ, இடது கையும் அத்தனை முறை. வலித்தால் அன்றைக்கு விடுமுறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சைக்கிள். முதல் நாள் கிடங்கல் ஏரிக்கரைக்குள்ளேயே மூச்சு வாங்கி, டீக்கடையில் இறங்கிவிட்டார். பிறகு டீக்கடை தாண்டியது, புறவழிச்சாலை தாண்டியது. ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளிலேயே ஊருக்குப் போய்ப் பூசை கண்டார். அவசரம் அவரை விட்டுப் போயிருந்தது.

திருவிழா வந்தது. சப்பரம் எழும்பித் தெருவில் நகர்ந்தது. தெரு முனையில் ஜெபத்துக்காக முட்டுக்கட்டை கொடுத்துச் சப்பரத்தை நிறுத்தினார்கள். இடுப்பு அமைதியாகவே இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் அலெக்ஸின் முகம் வெளுத்திருந்தது.

"இடது தோள் போச்சுண்ணே. இதுக்கு மேல தாங்காது."

பின்னால் தூக்குகிறவர்களைத் தவிர, இடது தோளில் தூக்கிப் பழகியவர் வேறு யாரும் அங்கே இல்லை.

"நீ எம்பக்கம் வா. வலது தோள்ல தாங்கிக்க. நான் அங்க நிக்கிறேன்," என்றார் பாக்கியராஜ்.

மாறி நின்றார்கள். தண்டு இடது தோளில் இறங்கியது. புதுப் பாரம்தான், ஆனால் தாங்கிற்று. மாதா சாயாமல் கோயில் வாசல் வரை வந்து சேர்ந்தாள்.

சப்பரத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அலெக்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெழுகுவர்த்தியோடு வந்த லூர்துசெல்வி கணவரின் தோள்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"இப்பதாங்க சட்ட நேரா நிக்குது," என்றாள்.