ஏரியில் அளந்த ஸ்பீக்கர்

எங்கள் சபைக்கு நான் செய்து கொடுத்த இரண்டு ஸ்பீக்கர்களையும் மூன்றாம் ஞாயிறே கழற்றி, சபைச் செயலர் என் வீட்டு வாசலில் இறக்கினார்.

"பிரசங்கத்துல ஒரு வார்த்தை புரியலபா. லேப்ல அளக்காத பொட்டிய எங்க தலையில கட்டிட்ட."

தெருவே கேட்டது. ஸ்பீக்கர் செய்து பிழைக்கிறவன் நான். இந்தப் பேச்சு பரவினால் அடுத்த ஆர்டரை எவன் கொடுப்பான்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிரொலியே இல்லாத அறை காஞ்சிபுரத்தில் யாரிடம் இருக்கிறது? என் அறையில் அளந்தால் சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தமும் மைக்கில் விழுந்து, கணினியில் வரைகிற கோடு ரம்பப் பல்லாக வரும். குற்றம் பெட்டிமேலா சுவர்மேலா என்று சொல்ல முடியாது. சுவரே இல்லாத இடம் வேண்டும். மறுநாள் காலை லோடு ஆட்டோ பிடித்துத் தாமல் ஏரிக்குப் போனேன். கோடையில் ஏரி காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. பெட்டியைக் கீழே வைத்து, மைக்கையும் தரையோடு தரையாகக் கிடத்தி, உறுமலிலிருந்து கீச்சு வரைக்கும் சத்தத்தை ஒரே இழுப்பாக ஓடவிட்டேன்.

ஆடு மேய்க்கிறவர் கிட்டே வந்தார். "இன்னாபா, யாருக்கு இதெல்லாம் போட்டுக்கினு இருக்கிற?"

"சபைச் செயலருக்கு" என்றேன்.

இரண்டு பெட்டிக்கும் கோடு மேடுபள்ளம் இல்லாமல் வந்தது; குற்றம் பெட்டிமேல் இல்லை. சனிக்கிழமை சபையில் திரும்ப மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களில் எனக்கு வேலை இருக்கும், சபைக்குப் போவதில்லை. அந்த ஞாயிறு மட்டும், பேச்சு எங்கே கெடுகிறது என்று பார்க்க மைக்கை எடுத்துக்கொண்டு ஆராதனைக்கு முன்பே போனேன்.

பெட்டிகள்மேல் அரக்குப் பட்டில் உறை. இரட்டை மடிப்பு, முகம் முழுக்க ஜரிகை. தைத்தது என் மனைவி, தறியில் மிஞ்சிய துண்டில்.

"புதுசாச்சே, கண்ணு படும்னு மொத வாரமே போட்டேன். பொட்டிய எறக்குனப்ப கழட்டுனத இன்னிக்கு முன்னாடியே வந்து மாட்டினேன். சொன்னா வேணாம்னுவ" என்றாள்.

சுவர்ச் சத்தம் அதிகம் விழாதபடி ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடித்து அளந்தேன். உறையோடு அளந்தால் கீச்சுப் பக்கம் கோடு சரிந்து விழுந்தது. கழற்றினால் நிமிர்ந்தது. பேச்சைப் புரியவைக்கிற சத்தமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கெட்டிப் பட்டு என்று ஊரே பெருமைப்படுகிறது, அந்தக் கெட்டிதான் பிரசங்கத்தை விழுங்கியிருக்கிறது. அவள் இரண்டு உறையையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள்மேல் வந்த கோபம் அதோடு போயிற்று. வாராவாரம் அந்தப் பட்டைப் பார்த்துக்கொண்டே லேப் பற்றிப் பேசியவர்மேல் வந்தது போகவில்லை.

அவரிடம் கோட்டைக் காட்டினேன். தலையை ஆட்டினார். ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்க எழுந்தார்.

"பொட்டியில இருந்த பழுத நம்ம கமிட்டி எடுத்துச் சொல்லி, சரி பண்ண வச்சிருக்குது."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்து விடாமல் தெளிவாகக் கேட்டது.