உப்புத் தண்ணீர் வழக்கு

எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டரின் டேங்க் ஓட்டையாகித் தண்ணீர் கொட்டியது. வருடா வருடம் பணம் கட்டிப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தோம். கம்பெனியோ, "உப்புத் தண்ணி அரிச்சிருக்கு. இதுக்கு ஒப்பந்தம் செல்லாது. டேங்க் மாத்துற செலவு உங்களோடது" என்று கைவிரித்தது. கோபத்தில் சேலம் நுகர்வோர் கோர்ட்டில் நானே புகார் கொடுத்துவிட்டேன்.

விசாரணை நாளில்தான் உதறல் எடுத்தது. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். எதிரே கறுப்புக் கோட்டில் கம்பெனி வக்கீல். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. தன் வழக்குக்காக அருகில் காத்திருந்த ஓமலூர்க்கார அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க சாமி இப்படி நடுங்கறீங்க? உங்க ஊட்டுல நடந்தது அந்த வக்கீலுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

என்னை அழைத்தார்கள். வக்கீல் உப்புத் தண்ணீரைப் பற்றியே பேசினார். எனக்குள் ஏதோ பொங்கியது.

"ஐயா, எங்க தெருவுல எல்லார் ஊட்டுலயும் போர் தண்ணிதானுங்க. அது உப்புன்னு தெரிஞ்சுதானே வருசா வருசம் பணம் வாங்குனாங்க? அப்பவே இதை ஏனுங்க சொல்லலை?"

நீதிபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் வெளியே போய் போனில் பேசிவிட்டு வந்து, "டேங்க்கை இலவசமா மாத்திக் கொடுத்துடறோம்" என்றார்.

துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் போக மனமில்லாமல், அந்த அம்மாவின் வழக்கு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தைரியம் பிறவியிலேயே வருவது என்று நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தும் அது வரும்.