பதினாறாம் நாள் பிரித்த கடிதம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலாய் நாட்டில், செங் பகுதியில் நானும் என் கணவரும் சின்னதாக ஊறுகாய்க் கம்பெனி நடத்தி வந்தோம்.

அவர் இறந்த மறுநாள், குப்பை அள்ளும் நிறுவனத்திலிருந்து மலாய்க் கடிதம் ஒன்று வந்தது. பிரிக்கப் போனேன்.

"துக்க வீட்டுல ஆபீஸ் கடுதாசியத் தொடாதீங்க அண்ணி, பதினாறு முடியட்டும் லா" என்றார் என் கொழுந்தனார். அலமாரியில் வைத்துவிட்டேன்.

கருமாதி முடிந்ததும் மலாய் தெரிந்த பக்கத்து வீட்டு டீச்சரைப் படிக்கச் சொன்னேன். ஊறுகாய் அடைக்கும் பிளாஸ்டிக் பைகளுக்காக எங்கள் மேல் பெரிய மறுசுழற்சிக் கட்டணம் போட்டிருந்தார்கள். நாங்கள் பிளாஸ்டிக்கையே தொடுவதில்லை. கடைகளிலிருந்து திரும்பி வரும் கண்ணாடி போத்தல்களைக் கழுவித்தான் அடைப்போம். அதைக் காட்ட ஒரு போத்தலோடு அந்த ஆபீசுக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் போத்தலைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க கணக்கு தப்புதான் ஆயா. கடுதாசி வந்து பதினாலு நாளுக்குள்ள தப்புன்னு எழுதிக் கொடுத்திருந்தா தள்ளுபடி பண்ணியிருப்போம். இப்ப கட்டித்தான் ஆகணும்."

"வீட்டுல சாவும்மா. என் வீட்டுக்காரரு..."

"செத்தது அவருதானே? உங்களுக்குக் கை இருக்குல்ல?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். 

கட்டணத்தைக் கட்டக் கம்பெனியையே விற்க வேண்டியதாயிற்று. அதை மலிவாக வாங்கியவர் கொழுந்தனார்தான். இப்போது அங்கே நாள் கூலிக்குப் போத்தல் கழுவுகிறேன்.

போன மாதம், என்னோடு இருந்த என் தங்கை இறந்தாள். பிணம் கூடத்தில் கிடக்கும்போதே தபால் வந்தது. அப்போதே பிரித்து, அழுதுகொண்டிருந்த டீச்சரிடம் நீட்டிப் படிக்கச் சொன்னேன். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லட்டும்.