தலையணை உறைக்குள் சாரை

என் அத்தை காலேஜில் உயிரியல் கற்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு கழிமுகச் சேற்றோரம் பறவை பார்க்கப் போவாள். பம்பாய்ச் செம்பூரில் எங்கள் காலனிக்காரர்கள் அதைச் சம்பளமில்லாத உத்தியோகம் என்றார்கள்.

அறுபதுகளில் ஒரு வருஷம், மழை பிடித்த புதிதில், கீழ்வீட்டு மாமியின் குளியலறைக்குள் பாம்பு புகுந்துவிட்டது. மாமி போட்ட கூச்சலில் கட்டடமே திரண்டது. வாட்ச்மேன் தடியோடு ஓடிவந்தார். மாமியின் கணவர் மகனுடைய கிரிக்கெட் மட்டையை ஓங்கியபடி வாசலில் நின்றார்.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சாரை. விஷம் கிடையாது. அடிக்காதீங்கோ மாமா."

"அதுவே உங்கிட்ட சொல்லித்தாக்கும்?"

"நம்ம ரேஷன் அரிசியைத் திங்கற எலியை இதுதான் திங்கறது. இதைக் கொன்னா எலிக்குத்தான் கொண்டாட்டம்."

"வெளியில தலையை நீட்டட்டும், ஒரே போடு!"

அத்தை என்னைப் பார்த்து, "ஓடிப்போய் ஒரு தலையணை உறை எடுத்துண்டு வா" என்றாள். கைக்கு முதலில் கிடைத்தது, அம்மா விருந்தாளிகளுக்கென்று பூவேலை செய்து வைத்திருந்த உறை. அத்தை அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பக்கெட் உருண்டது. ஏதோ சுவரில் மோதியது. "பஹன்ஜி! டீக் ஹை?" என்று, ஒன்றும் ஆகவில்லையே என்ற பதைப்பில் வாட்ச்மேன் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. அத்தையின் கையில் உறை நெளிந்தது. மாமா மட்டையைப் போட்டுவிட்டு எங்கள் மாடிக்கே ஏறிவிட்டார்.

காலனிப் பிள்ளைகள் ஊர்வலமாகப் பின்தொடர, பின்னாலிருந்த குன்றடிக்குப் போனோம். உறையின் வாயை அவிழ்த்ததும் சாரை புல்லுக்குள் வழிந்து மறைந்தது. "ஒரு தாங்க்யூகூட சொல்லலையே!" என்றான் மாமியின் மகன். அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

பால்கனியில் நின்ற அம்மாவின் குரல் அங்கேயே கேட்டது: "அந்த உறையோட ஆத்துக்குள்ள வராதீங்கோ!"

திரும்பும்போது அத்தை என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவள் கை சில்லென்றிருந்தது. லேசாக நடுங்கவும் செய்தது. பாம்பின் குளிர்ச்சி ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் பயமில்லே அத்தை, கையை விடு."

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்கட்டும்டி" என்றாள்.

எனக்காகத்தான் பிடித்திருக்கிறாள், பாவம் என்று நானும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தேன்.