மணல்திட்டில் ஒரு தலை அதிகம்

நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலை முறைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று என் அண்ணியை நான் கேலி செய்வதுண்டு. கடலில் குளிப்பவர்களைக் காவல் காப்பது அவர் வேலை. அந்த நீண்ட மணல்திட்டில் இருக்கும் பதினோரு விடுமுறைக் குடிசைகளை வாடகைக்கு விடுவது என் வேலை. திட்டின் நுனியில் இருபக்கத்து நீரோட்டமும் மோதும். அங்கே சிவப்புக் கொடி நட்டிருக்கும்.

முன்பெல்லாம் அண்ணி செருப்பைத்தான் எண்ணுவார். தண்ணீரில் இறங்குகிறவர்கள் அவர் நாற்காலியடியில் செருப்பை விட வேண்டும். செருப்பெல்லாம் போய்விட்டால் கடலில் ஆளில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒருத்தர் வெறுங்காலோடு வந்து இறங்கியிருக்கிறார். அண்ணி கொடியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை நுனியில் அந்த ஆளின் உடல் ஒதுங்கியது.

அன்றிலிருந்து அண்ணி தலையை எண்ணுகிறார். அன்றிலிருந்து ஒரு தலை கூடுதலாகவும் வருகிறதாம். எல்லோரும் கரையேறிய பிறகு நுனிக்கருகே தெரியுமாம், அலை வந்தாலும் ஏறி இறங்காமல். அது மறையும்வரை அண்ணி எழுந்திருக்க மாட்டார். "குற்ற உணர்ச்சி, வேறென்ன" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், பெரிய மேதாவி மாதிரி.

போன மாதம் ஒரு சாயங்காலம் அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி, இன்னைக்கு ரெண்டு தெரியுது."

"ஜோடி சேர்ந்துடுச்சா அண்ணி?"

"விளையாடாதே. எல்லாரும் இருக்காங்களான்னு போய்ப் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே பதினோரு கதவையும் தட்டினேன். முப்பத்திரண்டு பேரும் இருந்தார்கள். "யாரும் குறையல, கிளம்புங்க!" என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

"உன் வீட்ல பாத்தியா?"

குடிசைகளைக் கூட்டித் துடைத்த என் மனைவி, உடம்பு கசகசக்கிறது, ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனவள். வாடகை கொடுப்பவர்களை மட்டும் எண்ணிப் பழகிய புத்தி எனக்கு. நான் வாய் திறப்பதற்குள் அண்ணி மிதவையோடு பாய்ந்துவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று வாய்விட்டு அழுதேன். அன்றுதான் எனக்கும் தெரிந்தது. நுனிக்கருகே மூன்று தலைகள். கரைக்கு வந்தது இரண்டு.

மனைவி பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"யாரோ என் கையைப் பிடிச்சிருந்தாங்க. காப்பாத்தத்தான் பிடிக்கிறாங்கன்னு நினைச்சேன். அக்கா வந்து என்னைக் கரைக்கு இழுத்தப்பவும் அந்தக் கை விடல."